மூத்த மாப்பிள்ளையின் ஜாடி அடுப்பு

என் மச்சானுக்கு முழங்கைக்குக் கீழே ரோமமே கிடையாது என்பதை எங்கள் வீட்டில் கண்டுபிடித்துச் சொன்னவள் நான்தான். கட்டிக்கொண்ட மனைவிக்கு அது தெரியாமலா இருந்திருக்கும் என்று கேட்பீர்கள். தெரிந்திருக்கும். தெரிந்ததை வயிற்றுக்குள் போட்டுப் பூட்டிவைக்கிற குணம் என் ராத்தாவுக்கு. எனக்கு அந்தக் குணம் அன்றும் இல்லை, இத்தனை வயதுக்கு மேலும் வரவில்லை.

ராத்தா என்றால் எங்கள் பேச்சில் அக்கா. எனக்கு அவள் ஒருத்திதான். நான் பாவாடை கட்டித் திரிந்த வயதிலேயே வாப்பா மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். உம்மா, ராத்தா, நான் என்று மூன்று பெண்கள் இருந்த வீடு அது. ஏர்வாடி தர்காவுக்குப் போகிற பஸ் எங்கள் தெருமுனையில் நின்று போகும். எங்கள் தெருவில் பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். வந்த மாப்பிள்ளைகள் எல்லாரும் கொழும்பிலோ பினாங்கிலோ இருந்ததால் இந்த ஏற்பாட்டில் யாருக்கும் சிரமம் இருந்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வந்து மூன்று மாசம் ராஜா மாதிரி சாப்பிட்டுவிட்டுக் கப்பல் ஏறிவிடுவார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்வார்கள். எங்கள் தெருவில் அதை மூன்று மாசம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மச்சானுக்குக் கொழும்பில் ஜவுளிக்கடையில் பங்கு என்று சொல்லித்தான் ராத்தாவைக் கட்டினார்கள். அவரும் அப்படித்தான் வந்து போனார். பெட்டி நிறைய சோப்பும் சென்ட்டும் பீங்கான் கோப்பையும் கொண்டுவருவார். எப்போதும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். சித்திரை வெயிலில் ஆண்கள் எல்லாம் துண்டை விசிறிக்கொண்டு கிடக்கும்போதும் இவர் மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருப்பார். கொழும்பு நாகரிகம் என்று உம்மா அடுத்த வீட்டுக்காரியிடம் பெருமை பேசுவாள்.

அந்த உம்மா அவர் முன்னால் ஒரு நாளும் வந்ததில்லை. மார்க்கத்தில் மாமியாருக்கும் மருமகனுக்கும் மறைவு கிடையாது. எங்கள் வீட்டு மரியாதையில் இருந்தது. அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் உம்மா கதவுக்குப் பின்னால் நின்று, "மருமவனே, இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கச் சொல்லவா" என்பாள். ஏழு வருஷமாக அவருக்குத் தன் மாமியாரின் குரல் மட்டும்தான் தெரியும். மச்சினியான நான் இன்னும் இரண்டு கதவுக்குப் பின்னால்.

சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து இலங்கைக்குப் போய் வருவதற்குச் சட்டங்கள் இறுகின. தாள் சரியில்லை என்று பலரைத் திருப்பி அனுப்பினார்கள். மச்சானும் ஒரு பெட்டியோடு வந்தார். கடையைப் பங்காளியிடம் விட்டுவிட்டேன், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷமும் வந்தது. அவர் எங்கும் போகவில்லை.

ஒரு வீட்டில் ஒருவருடைய மதிப்பு இறங்குவதை அளக்க வேண்டுமானால் அவருடைய தட்டைப் பார்க்க வேண்டும். முதலில் நெய் நின்றது. பிறகு மீனில் நடுக்கண்டம் போய் வால்கண்டம் வந்தது. பிறகு அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பொரித்தது அடுப்பிலிருந்து இறங்கும். ராத்தா தன் தட்டிலிருந்து எடுத்து ஒளித்து வைத்து அவருக்குக் கொடுப்பாள். அதை நான் பார்ப்பேன், உம்மாவிடம் சொல்வேன். எனக்குப் பதினாறு வயது. சொன்னால் ராத்தாவின் முகம் சுருங்குவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. இதற்கு மேல் காரணம் சொல்லி என்னை நல்லவளாக்கிக்கொள்ள நான் தயாராக இல்லை.

கொல்லையில் ஒரு பழைய சீனத்து ஜாடி கிடந்தது. எலுமிச்சங்காய் உப்பில் போட்டு வைக்கிற, ஆள் இடுப்பு உயரமுள்ள ஜாடி. வாய் உடைந்து, அடியில் விரிசல் விட்டு, கோழி அடைய உபயோகப்பட்டுக்கொண்டிருந்தது. மச்சான் அதை ஒரு நாள் எழுப்பி நிறுத்தினார். உளியால் தட்டினால் தெறித்துவிடும் என்று ஆணியையும் ஈர மணலையும் வைத்துக்கொண்டு அடிப்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு துவாரம் தேய்க்க ஆரம்பித்தார். ஒன்பது நாள் தேய்த்தார். ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து நெல் வண்டி வரும்போது வண்டிக்காரரிடம் சொல்லி ஒரு மூட்டை கண்மாய்க் கரம்பை வரவழைத்தார். அந்த மண்ணில் உமியைப் போட்டு மிதித்து, ஜாடிக்கு உள்ளே நாலு விரல் கனத்துக்கு அப்பினார். வெயிலில் வைக்கவில்லை. தாழ்வாரத்து நிழலில் மூன்று வாரம் காயவிட்டார்.

"மருமவனுக்குப் பொழுது போகலன்னா பள்ளியாசல்ல போயி உக்காரச் சொல்லு. கொசவன் வேலை நம்ம வீட்டுக்கு எதுக்கு" என்று உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து ராத்தாவிடம் சொன்னாள். அவருக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"கொழும்பு ஹோட்டல்ல பாத்திருக்காகளாம். இதுல கறி சுட்டா நல்லாருக்குமாம்" என்றாள் ராத்தா. "பாத்திருக்காகளாம்" என்ற சொல்லில் அவள் குரல் கொஞ்சம் தடுக்கியது. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. குர்பானிக் கறி வீட்டில் மலிந்து கிடந்தது. தொழுகை முடிந்து வந்த மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நான் பார்க்க முதல் தடவையாகச் சட்டையின் கையை மேலே சுருட்டினார். நான் அடுப்பங்கரை ஜன்னலின் மரச்சட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கைகள் இரண்டும் முழங்கை வரை வழவழவென்று, உரித்த பனங்கிழங்கு மாதிரி இருந்தன.

அவர் கரியைத் தேர்ந்தெடுத்ததே வேடிக்கையாக இருந்தது. உடைமரக் கரி, மூட்டையாக வாங்கியது. இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காதருகில் கேட்பார். கிண்ணென்று சத்தம் வந்தால் ஜாடிக்கு. மொத்தென்று கேட்டால் சரியாக வேகாத கரி, புகையும் என்று ஒதுக்கிவிடுவார். தேர்ந்த கரியை உள்ளே கோபுரமாக அடுக்கி, அடுப்பிலிருந்து ஒரே ஒரு கங்கை எடுத்து நடுவில் வைத்தார். ஊதவில்லை, விசிறவில்லை. கீழ்த் துவாரத்தை முழுசாகத் திறந்துவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டுவதென்றால் ஊதுகுழலும் கண்ணீருமாக அரை மணி நேரம் ஆகும். இந்த மனுஷர் சும்மா நின்றார், நெருப்பு தன்பாட்டுக்கு ஏறியது.

கரி எல்லாம் சிவந்து மேலே சாம்பல் படர்ந்ததும் ஒரு ஓட்டுச் சில்லை எடுத்துத் துவாரத்தை ஒரு விரல் இடைவெளி விட்டு அடைத்தார். கனலை ஒரு பக்கமாக ஒதுக்கினார். ஒரு துண்டு தவறி நடுவில் உருண்டபோது அதை விரலால் எடுத்து அந்தப் பக்கம் போட்டார். பதறாமல், நாம் புளியங்கொட்டையை எடுத்துப் போடுவது போல. பிறகு உள்ளங்கையை ஜாடியின் வாய்க்கு மேலே பிடித்து உதட்டுக்குள் நபிகள் பேரில் ஸலவாத்து ஓதினார். மூன்று ஸலவாத்துக்கு மேல் கை தாங்கவில்லையென்றால் மீனுக்குச் சரியான சூடு, ஏழு தாங்கினால் தொடைக்கறிக்கு. இதைப் பின்னால் ராத்தா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அவருடைய கை ஐந்தில் விலகியது. சில்லை ஒரு நூல் நகர்த்தினார். மறுபடி கையைப் பிடித்தார். ஏழு.

கம்பிகளைக் குறுக்கே போட்டுக் கறியைப் பரப்பினார். கொழுப்பு சொட்டித் தீ எழும்பியபோது எங்களைப் போலத் தண்ணீர் தெளிக்கவில்லை. தகரமூடியைக் கவிழ்த்தார், தீ அடங்கியது. வாசனை கொல்லையைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. எனக்கு வாயில் எச்சில் ஊறியது. மனசில் இருந்தது என்னவோ வேறு.

அப்போதுதான் அது நடந்தது. முதல் ஈடு வெந்ததும் அவர் தட்டில் எடுத்து வைத்தார். இடுக்கியால் ஜாடியின் விளிம்பில் டக் டக் என்று இரண்டு தட்டு தட்டினார். தட்டிவிட்டு, கண்ணை நெருப்பிலிருந்து எடுக்காமலேயே, கறித்தட்டைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்தார். அங்கே யாரும் இல்லை. யாரோ வந்து வாங்கிக்கொண்டு ஓடுவார்கள் என்று அந்தக் கை காத்திருந்தது. வாங்காத தட்டு கனத்த பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தார். வெறும் முருங்கைமரமும் கிணறும்தான் இருந்தன. மெதுவாகத் தட்டை இறக்கி வைத்தார். ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். மரச்சட்டத்துக்குப் பின்னால் என் கண்களை அவர் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். உடனே சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மச்சான் வாயைத் திறக்கவே இல்லை, பாவம். கை கெடுத்துவிட்டது. நான் நேராக உம்மாவிடம் போனேன்.

"உம்மா, மச்சான் சவுளிக்கடைக்காரரு இல்ல. ஹோட்டல்ல கறி சுட்டவரு. கையில மசுரே இல்ல, எல்லாம் நெருப்புல பொசுங்கிப் போச்சு" என்றேன்.

உம்மா கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். பின்கதவைத் திறந்து கொல்லைக்குப் போனாள். ஏழு வருஷம் குரலாக மட்டும் இருந்தவள், அவருக்கு முன்னால் இரண்டு முழ தூரத்தில் போய் நின்றாள். மச்சான் பதறி எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். உம்மா திரும்பவில்லை. வாளியில் மிச்சமிருந்த கறியை அவர் காலடியில் வைத்தாள்.

"மருமவனே, இதையும் சுட்டுருங்க. அடுத்த வீட்டுக்கும் கொடுக்கணும்" என்றாள்.

மரியாதையில் ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை. "மருமவனே" இருந்தது, "ங்க" இருந்தது. ஆனால் எங்கள் தெருவில் பெண்கள் யார் முன்னால் மறைவில்லாமல் வருவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் சுமப்பவன், விறகு பிளப்பவன், சமையற்காரன். மச்சான் வாளியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ராத்தா பின்கதவில் சாய்ந்து நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம் இருந்ததை மறைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. உம்மா விடவில்லை. விருந்தாளி வந்தால், "எங்க மருமவன் கையால சாப்பிட்டுப் பாருங்க" என்பாள். மாரியூரிலிருந்து சீலாமீன் வந்தால் அவர் சுட வேண்டும். அடுத்த வீட்டில் கத்தம் ஓதிச் சோறு போட்டால் அங்கேயும் போய்ச் சுட வேண்டும். ஏன் என்று அவர் கேட்டதில்லை. சம்பாதிக்காமல் இருந்த இரண்டு வருஷத்தில் கேட்கிற உரிமையை வால்கண்டத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டிருந்தார்.

உம்மாவுக்கு இல்லாத மறைவு எனக்கு மட்டும் எதற்கு என்று நானும் ஒரு நாள் கொல்லைக்குப் போனேன். அவர் சுட்டு முடித்துக் கனலை மூடிக்கொண்டிருந்தார். கீழேயும் மேலேயும் காற்று போகாமல் அடைத்துவிட்டால் கரி அப்படியே அணையும், மறுநாள் அதுவே சட்டென்று பற்றும். அதுவரை அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் பேசிய முதல் வார்த்தை இது.

"மச்சான், கொழும்புக் கடையில எத்தன மேசை?"

குத்துவதற்காகவே கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பதினாலு" என்றார். ஜாடியின் வாயில் மூடியை அழுத்திவிட்டு, "உங்க ராத்தாகிட்ட மொத நாளே சொல்லிட்டேன். அவதான் வெளிய சொல்ல வேணாம்னா. நான் அவளுக்குப் பொய் சொல்லல" என்றார்.

இதைக் கேட்ட பிறகாவது எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ராத்தாவும் இவரும் எனக்குத் தெரியாமல் இத்தனை நாள் ஒரு ரகசியத்தைப் பகிர்ந்து வாழ்ந்திருக்கிறார்கள் என்ற எரிச்சல்தான் வந்தது.

அந்த வருஷமே எனக்கு மாப்பிள்ளை அமைந்தது. அவர்கள் நாலு தலைமுறையாகத் தோணி வைத்திருந்த குடும்பம். கொழும்பில் அவர்களுக்கு நிஜமாகவே கடை இருந்தது. எங்கள் வீட்டுக்கு அது எட்டாத இடம். என் நிறத்தையும் உம்மாவின் சாமர்த்தியத்தையும் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

இங்கே எங்கள் தெரு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்யாண விருந்தில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடுவோம். அதற்குச் சஹன் என்று பெயர். புதுமாப்பிள்ளையின் சஹனில் பெண் வீட்டு மூத்த மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் அல்லாஹ்வின் பேரால் பிஸ்மி சொல்லி, கறித்துண்டு ஒன்றை எடுத்துப் புதுமாப்பிள்ளையின் பக்கம் வைத்த பிறகுதான் புதுமாப்பிள்ளை கை வைப்பார். உனக்கு முன்னால் இந்த வீட்டுக்கு வந்தவன் நான், உன்னை வரவேற்கிறேன் என்பது அதன் பொருள். அந்த இடத்தில் உட்காராத மூத்த மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையே இல்லை. தெரு அப்படித்தான் கணக்குப் பண்ணும்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ராத்தா உம்மாவின் காலடியில் வந்து உட்கார்ந்தாள். அவள் எதையும் கேட்கிறவள் அல்ல.

"அன்னைக்கி ஒரு நாளு மட்டும் அவுகளச் சஹன்ல உக்கார வச்சிருங்கம்மா. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

"சம்பந்தகாரவுகளுக்குச் சுட்ட கறி உண்டுன்னு நான் வாக்குக் குடுத்திருக்கேனே. அத யாரு பாக்குறது?"

"அதையும் அவுக பாத்துக்குருவாக. மொதல்லயே மூட்டிச் சரி பண்ணிட்டா ரெண்டு மணி நேரம் அது தன்னால நிக்குமாம். சாப்பிட்டு எந்திரிக்கிற வரைக்கும் போதும்."

உம்மா என்னைப் பார்த்தாள். "சரி, உக்காரட்டும்" என்றாள் உம்மா. அவளுக்கே அன்றைக்குக் கொஞ்சம் மனசு இளகியிருக்க வேண்டும். ராத்தா எழுந்து போன நடையில் ஒரு துள்ளல் இருந்தது. அடுத்த ஒரு வாரமும் மச்சான் சாயங்காலமானால் வெறும் ஜாடியில் நெருப்பை மூட்டி, சில்லை நகர்த்தி நகர்த்தி, எவ்வளவு இடைவெளிக்கு எவ்வளவு நேரம் சூடு மாறாமல் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி இருந்தது.

எனக்குத்தான் அந்த வாரம் முழுக்கத் தூக்கம் இல்லை. மாப்பிள்ளை வீட்டில் அவருடைய பெரிய வாப்பா ஒருவர், கொழும்பிலேயே கிடந்தவர், கல்யாணத்துக்காகவே வந்திருந்தார். அந்தப் பதினாலு மேசையில் ஏதாவது ஒன்றில் அவர் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால்? சஹனில் எதிரே உட்கார்ந்து, இவன் நமக்குக் கறி சுட்டுப் போட்டவன் அல்லவா என்று சொல்லிவிட்டால்? ஒரு சமையற்காரர் எடுத்து வைத்த துண்டிலா என் வாழ்க்கை ஆரம்பிக்க வேண்டும்? அந்த வயதில் இப்படித்தான் என் மூளை வேலை செய்தது.

கல்யாண நாளில் காலையில் பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்தது. மதிய விருந்துக்குக் கூடத்தில் வெள்ளை விரித்தார்கள். மச்சான் பள்ளிவாசலிலிருந்து வந்த கையோடு மூட்டி, ஆட்டுத்தொடைகளைக் கம்பியில் ஏற்றி, மூடி போட்டு, சில்லை வைத்துவிட்டிருந்தார். பிறகு குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசிக்கொண்டார். "யாரும் அதத் தொடாம மட்டும் பாத்துக்க" என்று ராத்தாவிடம் சொன்னது என் அறைக்குக் கேட்டது. ராத்தா பின்கதவிலேயே காவல் நின்றாள். யாரோ வந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இறங்கிவிட்டார்கள் என்று கூப்பிட்டதும் வாசலுக்கு ஓடினாள்.

நான் கொல்லையைப் பார்த்த அறையில் நகையும் பட்டுமாக உட்கார்ந்திருந்தேன். என்னோடு இருந்த பெண்களும் வந்தவர்களைப் பார்க்க வாசலுக்குப் போய்விட்டார்கள். நான் எழுந்தேன். பின்கதவிலிருந்து ஜாடிக்கு எட்டு எட்டுத்தான். குனிய முடியவில்லை. கழுத்துப் பாரம், கையில் மருதாணி, பட்டில் சாம்பல் படும். அதனால் வலது காலை நீட்டிப் பெருவிரலால் அந்த ஓட்டுச் சில்லைத் தள்ளினேன்.

காலையிலிருந்து நெருப்பின் வாயில் இருந்த சில்லு அது. சூடு எலும்பு வரை ஏறியது. கத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டு அறைக்குத் திரும்பி, அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. திரும்பி வந்த பெண்களில் ஒருத்தி, "புள்ள வாப்பாவ நெனச்சு அழுவுது" என்று என் முதுகைத் தடவினாள்.

கூடத்தில் சஹன் வைத்துவிட்டார்கள். "மூத்த மாப்பிள்ளை எங்க, வந்து உக்காருங்க" என்று யாரோ மரியாதையாகக் கூப்பிடுவது கேட்டது. எல்லாரும் அமைதியானார்கள். அந்த அமைதியில், கொல்லையில் கொழுப்பு தீயில் விழுந்து சீறுகிற சத்தம் எனக்கே கேட்டது. காற்று திறந்துவிட்டதில் கனல் எழும்பிவிட்டது. யாரும் மச்சானைக் கொல்லைக்குக் கூப்பிடவில்லை. பிஸ்மி சொல்ல வாயெடுத்தவர் அந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடிவந்தார். இருபது வருஷமாக அந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடிய கால்கள் அவை, அவரைக் கேட்காமலே ஓடின.

மூடியைத் தூக்கியதும் தீ முகத்துக்கு வந்தது. அவர் வெள்ளைச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, பனியனோடு நின்று, வெறுங்கையால் சில்லை எடுத்துத் துவாரத்தை அடைத்தார். தொடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் புரட்டி, கருகிய பக்கத்தைச் சீவி எறிந்தார். கூடத்தில் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு, "பசிக்கி நேரமாச்சு" என்று ஒரு குரல் கேட்டது. உம்மா எங்கள் மாமா மகனை அந்த இடத்தில் உட்காரச் சொன்னாள். அவன் பிஸ்மி சொன்னான். என் மாப்பிள்ளை கை வைத்தார்.

விருந்து முடிந்து, கொழும்புப் பெரிய வாப்பா கையைக் கழுவிக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்தார். "கொழும்புல சாப்பிட்ட மாதிரியே இருந்துச்சு" என்று சொல்லி, கரி படிந்த பனியனோடு நின்ற மச்சானின் கையில் ஒரு நோட்டை வைத்து அழுத்தினார். முகம் அவருக்குத் தெரியவில்லை, ருசி தெரிந்திருக்கிறது. உம்மா அங்கேதான் நின்றாள். இவர் எங்கள் மூத்த மாப்பிள்ளை என்று சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு போதும். அவள் சொல்லவில்லை. மச்சான் இரண்டு கையாலும் நோட்டை வாங்கிக்கொண்டார். ராத்தா கிணற்றடியில் நின்று அதைப் பார்த்தாள்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு என்னை மாப்பிள்ளையிடம் அழைத்துப்போக வேண்டும். அதற்கு முன்னால் மூத்தவள் வந்து காலில் கொலுசு மாட்டிவிட வேண்டும். அறை நிறைய மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ராத்தா என் முன்னால் தரையில் உட்கார்ந்து, இடது காலை மடியில் வைத்து முதல் கொலுசை மாட்டினாள். வலது காலை நான் இழுத்துக்கொண்டேன். அவள் பிடித்து எடுத்தாள்.

பெருவிரலில் கொப்புளம் கிளம்பிப் பட்டாணி அளவுக்கு நின்றது. நகத்தின் ஓரத்தில் கரி.

ராத்தா அதைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை, தாழ்த்தத் தெரியவில்லை. அவள் தன் கட்டைவிரலைக் கொப்புளத்தின் மேல் வைத்தாள். வைத்து அழுத்தினாள். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. சுற்றிலும் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கத்த முடியாது. கொப்புளம் உடைந்து நீர் வழிந்த பிறகும் அவள் விரலை எடுக்கவில்லை. பாட்டு முடிகிற வரை அப்படியே அழுத்திக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் காலுக்கும் கொலுசை மாட்டி, திருகாணியை இறுக்கினாள்.

"எந்திரி. ஒன் மாப்பிள்ளை காத்திருக்காரு" என்றாள்.

மறுநாள் காலையில் ஏர்வாடி பஸ்ஸில் அவளும் மச்சானும் ஏறிப் போனார்கள். எங்கள் தெருவிலிருந்து புருஷன் பின்னால் வெளியேறிப் போன முதல் பெண் அவள். உம்மா மௌத்தானபோது ஆள் அனுப்பினோம், வரவில்லை. கொலுசை மாட்டிவிட்டு எந்திரி என்று சொன்னதுதான் ராத்தா என்னிடம் பேசிய கடைசி வார்த்தை.